சிறையில் மாண்ட வீரர்

போர்க்களத்திற் பொருது மடிந்தோரை உலகம் எளிதில் நினைவுகூர்கின்றது. படைக்கலம் இழந்து, பகைவர் கையிற் சிக்கிச் சிறையில் உயிர்நீத்தோரை அங்ஙனம் நினைப்பதில்லை. அன்னார் வீரமும் களவீரத்திற் குறைந்ததன்று என்பதற்குக் காப்டன் மதீன் அகமது அன்ஸாரியின் சரித்திரம் சான்றாகும்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த இவர், இந்திய சேனையில் ஏழாவது ராஜபுத்திரப் படையின் ஐந்தாம் பட்டாளத்து அதிகாரி. 1941 டிசம்பர் 25-ல் ஹாங்காங் ஜப்பானியர் வசமாயிற்று, இவரும் கைதியானார். போர்க்கைதி தன் மெய்ப்பெயரும் பதவியும், அல்லது படை எண்ணும் மட்டுமே சொல்லக் கடமைப்பட்டவன் என்பது 1929-ஆம் ஆண்டின் ஜினீவா உடன்படிக்கையின் விதி. ஜப்பான் அதிற் கையொப்பமிட்டும், அதனை உறுதிசெய்யவில்லை.

அன்ஸாரி ஒரு பெரிய சமஸ்தானாதிபதியின் நெருங்கிய உறவினர் என்பதைப் பகைவர் அறிந்தனர். அரச விசுவாசத்தைத் துறந்து, இந்தியச் சிப்பாய்களிடையே பிளவு உண்டாக்குமாறு வற்புறுத்தினர். அவர் இசைந்திலர். அதனால் 1942 மே மாதம் ஸ்டான்லி சிறையிற் பட்டினிக்கும் கொடுமைக்கும் ஆளானார். செப்டம்பரில் முகாமுக்குத் திரும்பியும் உறுதி தளராது, தப்பியோடுவோர்க்கு உதவும் ஏற்பாட்டை அமைத்தார். 1943 மே மாதம் காட்டிக்கொடுக்கப்பட்டு மீண்டும் சிறைப்பட்டார். ஐந்து மாதச் சித்திரவதையிலும் தோழரைக் காட்டிக்கொடாத அவரை, பிரிட்டிஷார், சீனர், இந்தியர் ஆகிய முப்பதுக்கு மேற்பட்டோருடன் 1943 அக்டோபர் 29-ல் கொன்றனர். 1946-ல், மறைவுக்குப் பின், ஜார்ஜ் கிராஸ் விருது அவர்க்கு அளிக்கப்பெற்றது.

ஈண்டு ஓர் ஐயம் எழக்கூடும். 1932-ல் கொடியேந்தித் தடியடிபட்டு மாண்ட குமரனைப் போற்றும் நம் திருப்பூரார், அந்நிய அரசின் சேனையதிகாரியை எங்ஙனம் போற்றுவது? அக்காலத்தே சிறைப்பட்ட இந்தியருள் பலர், நாட்டு விடுதலையை நாடி இந்திய தேசிய ராணுவத்திற் சேர்ந்ததும் உண்மையே. இருதிறத்தாரையும் ஒரே கோலால் அளத்தல் தகாது. ஆயின் அன்ஸாரி காத்தது முடியை மாத்திரமன்று. தம்மை நம்பிய மனிதரின் உயிரையும் காத்தார். அவர் ஒரு பெயரை வெளியிட்டிருப்பின், அப்பெயர்க்குரியவன் மாண்டிருப்பான். இந்நம்பிக்கையைக் காத்தல் எந்தக் கொடியின்கீழ் நிற்பவர்க்கும் அறமேயாம்.

மாணாக்கர்களே! படைக்கலத்தைப் பகைவன் பறிக்கலாம். வாக்குறுதியை நாமே கொடுத்தாலன்றி எவரும் பறித்தல் இயலாது. ஹாங்காங்கின் ஸ்டான்லி இராணுவ மயானத்தில் துயிலும் இவ்வீரரை நினைக்குந்தோறும் இவ்வுண்மையை உளங்கொள்வோமாக.