பெட்டிக்குள் அடைபட்ட காற்று

கார் ஆடியோ கடையில் சப்வூஃபர் கேட்டால் முதலில் காதில் விழுவது வாட்ஸ். அடுத்தது இன்ச். பெட்டியின் உள்ளளவு எத்தனை லிட்டர் என்று வாங்குபவரும் பெரும்பாலும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. டிக்கியிலிருந்து கனமான பாஸ் வருமா, வெறும் உறுமல் வருமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த லிட்டர்தான்.

இதைப் புரிந்துகொள்ள புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கர்நாடக இசை மேடையில் கஞ்சிராவுக்கு இடம் பிடித்துத் தந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. பலா மர வளையத்தின் ஒரு பக்கம் தோல் கட்டியிருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். வாசிப்பதற்கு முன் கலைஞர் தோலின் உட்புறம் லேசாகத் தண்ணீர் தடவுவார். தோல் தளர்ந்து சுருதி இறங்கும், கும்கி எனும் கனத்த தாழ்ந்த ஒலி பேசத் தொடங்கும். காய்ந்து இறுகினால் சுருதி மேலே போய்விடும். தளர்ந்தால் கீழே, இறுகினால் மேலே: சப்வூஃபர் பெட்டியும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதே. வித்தியாசம் என்னவென்றால், பெட்டியில் இறுக்குவது தோல் அல்ல, காற்று.

முதலில், பெட்டி எதற்கு? ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றை அழுத்தும் அதே கணத்தில் அதன் பின்னால் காற்று தளர்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். 12 இன்ச் கோனின் விளிம்பைச் சுற்றி வருவது அதற்கு ஒரு தூரமே இல்லை. முன் அலையும் பின் அலையும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். எத்தனை வாட்ஸ் கொடுத்தாலும் பெட்டியில்லாத ஸ்பீக்கரில் பாஸ் மெலிந்து போவது இதனால்தான். பின் அலையைப் பூட்டி வைப்பதே பெட்டியின் முதல் வேலை.

பூட்டிய காற்று சும்மா இருக்காது. கோன் உள்ளே வந்தால் வெளியே தள்ளும், வெளியே போனால் உள்ளே இழுக்கும். இதைத் தொந்தரவாக நினைக்காமல் பயன்படுத்திக்கொண்டவர் அமெரிக்காவின் எட்கர் வில்சர். கோனின் தாங்கியை வேண்டுமென்றே தளரவிட்டு, அதை இழுத்துப் பிடிக்கும் வேலையை அடைபட்ட காற்றிடமே ஒப்படைத்தார். 1954-ல் அவர் கொண்டுவந்த ஏஆர்-1 ஸ்பீக்கர், புத்தக அலமாரியில் வைக்கும் அளவிலிருந்து ஆழமான பாஸைக் கொடுத்தது. பின்னர் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளிலும் இதையெல்லாம் கணக்காக்கினார்கள். இன்று ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று இருக்கும் எண்கள் அவர்கள் விட்டுச்சென்றவை.

ஒரு கணக்கு பார்ப்போம். 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்றின் எஃப்எஸ், அதாவது வெறுமனே இருக்கும்போது அதன் இயல்பு அதிர்வெண், 28 ஹெர்ட்ஸ், விஏஎஸ், அதாவது அதன் தாங்கியின் தளர்வுக்குச் சமமான காற்றின் அளவு, 66 லிட்டர், க்யூடிஎஸ், அதாவது அதிர்வு எவ்வளவு அடங்காமல் இழுக்கிறது என்பதைக் காட்டும் எண், 0.41 என்று வைத்துக்கொள்வோம். 33 லிட்டர் மூடிய பெட்டியில் அதன் அதிர்வெண் 48-க்கு ஏறும், பெட்டியோடு சேர்ந்த க்யூ மதிப்பு 0.7 அளவில் நிற்கும். சமமான, கட்டுக்கோப்பான பாஸ் கிடைக்கும். இடம் மிச்சம் என்று அதையே 11 லிட்டர் பெட்டியில் திணித்தால் அதிர்வெண் 74, க்யூ 1.08. ஆழமான ஸ்வரங்கள் சரிந்துவிடும். 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி புடைத்துக்கொண்டு, அடி விழுந்த பிறகும் இழுக்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'டும்' கேட்கும் கார்களில் பல இந்த வகைதான்.

தச்சரிடம் அளவு சொல்லும்போதும் கவனம் வேண்டும். வெளிப்புறம் 40×40×30 செ.மீ. என்றால் 48 லிட்டர். 18 மி.மீ. பலகையில் செய்தால் உள்ளே எஞ்சுவது 35 லிட்டர்தான். ஸ்பீக்கரின் உடல் இரண்டு லிட்டர் தின்றால் 33. பதினைந்து லிட்டர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இனி அடைப்பு. அந்த 33 லிட்டர் பெட்டியில் கோன் ஒரு செ.மீ. உள்ளே வந்தால், பெரிய பக்கப் பலகை ஒன்றின் மேல் மட்டும் சுமார் 28 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். அடுத்த நொடிப்பகுதியில் அது எதிர்த்திசையில் இழுக்கும். நொடிக்கு 40 முறை இப்படி நடக்கும்போது, ஆணி மட்டும் அடித்த மூட்டு எத்தனை நாள் தாங்கும்? காற்று கசியும் இடங்கள் மூன்று: பலகை மூட்டு, ஒயர் நுழையும் துளை, ஸ்பீக்கர் விளிம்பு. வேகமான அசைவில் காற்று அந்தச் சந்து வழியே தப்ப நேரமிருக்காது. மெதுவான அசைவில் தாராளமாகத் தப்பிவிடும். அதனால் கசிவு முதலில் காவு வாங்குவது மிகத் தாழ்ந்த ஒலிகளைத்தான். கூடவே 'உஸ்' என்ற இரைச்சலும் வரும். போர்ட் வைத்த பெட்டியில் துளை இருக்கிறதே என்பார்கள். அது நீளமும் விட்டமும் கணக்கிட்டு, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலிக்க வைத்த குழாய். விரிசலை அதோடு சேர்க்கவே கூடாது.

மூட்டு முழுவதும் மரப்பசை, திருகு, உள்ளே சிலிகான். சிலிகான் நன்றாக உலர்ந்த பிறகே ஸ்பீக்கரை மாட்ட வேண்டும். கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் எம்.டி.எஃப். பலகையைவிட நல்ல ப்ளைவுட்டை எடுப்பது மேல். ஈரம் குடித்தால் எம்.டி.எஃப். உப்பி மூட்டு விட்டுவிடும்.

காரும் ஒரு பெட்டிதான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் சிறிய கார்களில் சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸ் தானாகவே கூடும், இறக்கினால் குறையும். 48 ஹெர்ட்ஸில் நிற்கும் அந்த மூடிய பெட்டி காருக்குள் அதைவிட ஆழமாகக் கேட்பது இதனால்தான்.

புதிய ஆம்ப்ளிஃபயர் வாங்கப் பணம் எடுப்பதற்கு முன், இருக்கிற பெட்டியின் உள்ளளவை டேப் வைத்து அளந்து, ஸ்பீக்கர் தாளோடு ஒப்பிடுங்கள். 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமாக ஓடவிட்டு, மூட்டுகளின் ஓரம் ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை துள்ளும் இடத்தில் குறித்துவைத்து அடையுங்கள்.