உங்களுக்குத் தெரியுமா? குதிரை முட்டையும் பூட்டு தொங்கிய கோயிலும்

● பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கியவர்கள் பரமார்த்த குருவின் சீடர்கள். வழியில் அது விழுந்து உடைய, புதரிலிருந்து ஒரு முயல் மிரண்டு ஓட, குட்டி தப்பிவிட்டதென்று துரத்திக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கதையை எழுதிய வீரமாமுனிவர் (1680–1747) கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றியவர். அங்கே அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்றும் பெயர் வைத்தார். கதை 1822-லேயே லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறிவிட்டது.

● அதே கதையில் இன்னொரு கில்லாடி வருகிறான். ஆற்றைக் கடந்த குருவும் சீடர்களும் ஆள்கணக்கு எடுக்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் குறைகிறது. ஆறு விழுங்கிவிட்டதென்று ஒப்பாரி. வழியே போன ஒருவன் மந்திரத்தால் மீட்டுத் தருவதாகச் சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி போட்டு எண்ணிக் காட்டுகிறான். கணக்கு சரியாகிவிடுகிறது! “உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், கேமராவை அணைக்காமல் உட்காருங்கள்” என்று இன்று வீடியோ காலில் மிரட்டுகிறவர்களும் இந்த வழிப்போக்கனின் வாரிசுகள்தாம். இல்லாத ஆபத்தைக் காட்டி, அதைத் தீர்க்கக் கூலி கேட்கிறார்கள். வீடியோ காலில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்லி எச்சரித்தார்.

● ஏலாக்குறிச்சி இருக்கும் அரியலூர் மாவட்டத்தில் நடந்த மிகப் பெரிய திருட்டுகளில் ஒன்றைப் பல மாதங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலில் பூஜை நின்றுபோய், கதவு பூட்டியே கிடந்தது. 2006 வாக்கில் உள்ளே புகுந்தவர்கள் உடைத்த பூட்டைப் பசை போட்டு ஒட்டி, பழையபடி மாட்டிவிட்டுப் போனார்கள். பூட்டுதான் தொங்குகிறதே, சாமி உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று ஊர் நினைத்தது. 2008-ல் சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் வந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. அதே 2008-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசிய ஓவியக்கூடம் அங்கே களவுபோன நடராஜரைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. சிலை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாகக் காட்டப் போலிக் காகிதம் தயாரித்திருந்தார்கள். கள்ளப் பத்திரம் என்பது நிலத்துக்கு மட்டுமல்ல, தெய்வத்துக்கும் உண்டு போலிருக்கிறது.

விற்றவர் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர். 2011-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் பிடிபட்டு, 2012-ல் இந்தியா கொண்டுவரப்பட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் வேறொரு கோயிலின் சிலைத் திருட்டு வழக்கில் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. நடராஜர் 2014 செப்டம்பரிலேயே தாயகம் திரும்பிவிட்டார்.

● திரும்பி வர உதவியது எது? ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் கோயிலுக்குள்ளேயே எடுத்து வைத்திருந்த படத்தையும் கான்பெராவில் இருந்த சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வாதாட வழியில்லாமல் போயிற்று. இதே மாவட்டத்தின் பொட்டவெளி வெள்ளூர் வரதராஜப் பெருமாள் கோயில் அனுமார் 2012-ல் களவுபோய், ஏலத்தில் விலைபோய், ஆஸ்திரேலியா வரை போனார். அவரை மீட்டதும் அந்நிறுவனம் 1961-ல் எடுத்த படத்தின் பலத்தால்தான். நம் வீட்டுச் சங்கிலிக்கும் வளையலுக்கும் அப்படி ஒரு படம் இருக்கிறதா? கல்யாண ஆல்பத்தில் தூரத்தில் மின்னுவது கணக்கில் வராது. ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கொக்கியும் முத்திரையும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இருக்கும். அதையும் ரசீதோடு எழுதி வையுங்கள்.

● செல்போனுக்கும் அப்படி ஓர் எண் உண்டு. *#06# அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்கம். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அந்த எண்ணைப் பதிந்தால், வேறு சிம் போட்டாலும் போன் வேலை செய்யாது.

● பழைய திருச்சி, மதுரைச் சீமைகளில் ‘துப்புக்கூலி’ என்று ஒன்று இருந்தது. மாடு காணாமல் போகும். ஒருவர் நைசாக வந்து, இவ்வளவு கொடுத்தால் விசாரித்துப் பார்க்கலாம் என்பார். கொடுத்தால் மறுநாள் குறிப்பிட்ட மரத்தடியில் மாடு கட்டியிருக்கும். இன்று கம்ப்யூட்டரை முடக்கிவிட்டு, திறந்துவிடக் காசு கேட்பவர்கள் செய்வதும் இதுவே. மாட்டுத் திருடர்கள் மட்டும் பெரும்பாலும் சொன்ன சொல் தவறவில்லை!

● நகைக்குப் பாலீஷ் போட வருகிறவர்கள் நகையை முதலில் தொடவே மாட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து குத்துவிளக்கையோ கொலுசையோ இலவசமாகத் தேய்த்துத் தருவார்கள். அது பளபளத்ததும் வீட்டு அம்மாவே கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தருவார். சங்கிலி ஒரு திரவத்தில் முங்கும். பிறகு மஞ்சள் தண்ணீர் ஊற்றிய டிபன் டப்பாவுக்குள் போய் மூடியும் விழும். “பத்து நிமிஷம் கழித்துத் திறங்கம்மா.” திறக்கும்போது சங்கிலி இருக்காது, அல்லது எடை குறைந்து இருக்கும். தங்கத்தைக் கரைக்கும் ராஜ திராவகம் என்பது ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவை. டப்பாவைத் திறக்கச் சொன்ன நேரத்துக்குள் வந்தவர்களின் பைக் பல கிலோமீட்டர் போயிருக்கும்.

● வங்கி லாக்கரில் வைத்தது களவுபோனாலோ, தீயில் எரிந்தாலோ, ஊழியரே மோசடி செய்தாலோ, வங்கி பொறுப்பேற்கும் உச்ச அளவு அந்த லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு. 2022 ஜனவரி முதல் இதுதான் ரிசர்வ் வங்கி விதி. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். உள்ளே ஐம்பது பவுன் இருந்தாலும் அவ்வளவுதான்.

● நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வருமென்று சொல்லி அந்த எண்ணைப் போடச் சொன்னால், அது பணம் போவதற்குத்தான்.

● பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், எடுக்கப்படாமல் மிச்சம் இருக்கும் தொகை முடக்கப்படுகிறது. அது கணக்குவிட்டுக் கணக்குத் தாவுவதற்குள் சொல்ல வேண்டும். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மிச்சம் இருக்காது. அப்படித் தாவும் கணக்குகளில் பல, கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் யாரிடமோ கொடுத்துவிட்ட கல்லூரிப் பையன்களுடையவை. பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும் போலீஸ் முதலில் தட்டுவது அந்தப் பையன் வீட்டுக் கதவைத்தான்.