வந்த ஒலியை வந்தபடி சொல்லும் மைக்

மேடைப் பாடகரின் கையிலிருக்கும் மைக் குரலில் சில பகுதிகளைத் தூக்கிக் காட்டும், சிலவற்றை அடக்கிவிடும். பாட்டுக்கு அது அழகு. ஜெனரேட்டரின் இரைச்சலையோ ஒலிபெருக்கியின் தரத்தையோ அளக்க வருபவருக்கு அந்த அழகு தேவையில்லை. கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் கருவி வேண்டும். அதுதான் அளவீட்டு மைக்.

இன்று ஸ்டுடியோக்களில் புகழ்பெற்ற கண்டென்சர் மைக், உண்மையில் அளப்பதற்காகவே பிறந்தது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இ. சி. வென்ட்டே ஒலியின் செறிவை அளக்க அதை உருவாக்கி, 1917இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். வானொலியும் பேசும் படமும் பிற்பாடுதான் அதை எடுத்துக்கொண்டன.

உள்ளே இருப்பது மிக எளிய அமைப்பு. சில மைக்ரான் தடிப்புள்ள உலோகச் சவ்வு. அதன் பின்னால், ஏறத்தாழ 20 மைக்ரான் தள்ளி, அசையாத ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் 200 வோல்ட். ஒலி பட்டுச் சவ்வு அசைந்தால் இடைவெளி மாறும், மின்னழுத்தமும் மாறும். அரை அங்குல மைக்கில் 1 பாஸ்கல் அழுத்தத்துக்குச் சுமார் 50 மில்லிவோல்ட் கிடைக்கும். இலை சலசலக்கும் அளவு மெல்லிய ஒலிக்குச் சவ்வு நகரும் தூரம் ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைவு. அதையும் இது பதிவு செய்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

சிக்கல் ஒன்று உண்டு. 20,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மில்லிமீட்டர்தான். அரை அங்குல மைக்கின் விட்டமோ 12.7 மில்லிமீட்டர். அளக்க வந்த மைக்கே அலையைக் குலைத்துவிடும். ஆகவே திறந்தவெளியில் ஒலி மூலத்தை நோக்கி வைப்பதற்கு ஒரு வகை, சிறிய குழிக்குள் வைப்பதற்கு வேறு வகை என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். மாற்றி வைத்தால் உச்ச அதிர்வெண்களில் பல டெசிபெல் பிழை வரும்.

கடைக்காரரின் எடைக்கல்லுக்கு முத்திரை எப்படியோ, அளவீட்டு மைக்குக்குக் காலிபிரேட்டர் அப்படி. மைக்கின் முனையில் மாட்டினால் 1,000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபெல், அதாவது 1 பாஸ்கல், ஒலிக்கும். மீட்டர் அதே எண்ணைக் காட்ட வேண்டும். அளப்பதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்தே ஆக வேண்டும்; கீழே விழுந்தாலும் ஈரம் ஏறினாலும் மைக் பிசகிவிடும்.

இந்தியாவில் குடியிருப்புப் பகுதிக்கு இரைச்சல் வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. வெறும் 3 டெசிபெல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இருமடங்கு; ஆகவே மைக்கின் சிறு பிசகும் பெரிய விஷயம். இரைச்சல் அறிக்கை எதுவும் உங்கள் கைக்கு வந்தால், காலிபிரேட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.