கிணற்று மேட்டுக்குச் சிக்னல் கொண்டுவரும் புதிய ஆன்டெனா

மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூரிலும், முந்திரி விளையும் அரியலூரிலும் பல விவசாயிகளின் கிணறுகள் ஊரை விட்டுத் தள்ளியே உள்ளன. கைபேசியால் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் இருந்தால், பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சி இரவில் வரப்பில் நடக்க வேண்டியதில்லை. ஆனால், கிணற்று மேட்டில் சிக்னல் இல்லாவிட்டால் அந்த ஸ்டார்ட்டரால் பயனில்லை. எனவே, டவர்களில் இப்போது பொருத்தப்படும் 'மாஸிவ் மைமோ' ஆன்டெனாவைப் பற்றி விவசாயிகளும் அறிந்திருப்பது நல்லது.

பழைய முறை

சாதாரண டவரில் மூன்று பக்கமும் ஆன்டெனாக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அலைகளைப் பரப்பும். இது மடையைத் திறந்து வயல் முழுவதும் நீர் பாய்ச்சுவது போன்றது. பயிர் உள்ள இடத்துக்கும் நீர் போகும், வெற்றிடத்துக்கும் போகும். கடைமடைக்குப் போய்ச் சேருவது குறைவே.

புதிய முறை

மாஸிவ் மைமோ என்பது ஒரே பலகையில் பல சிறு ஆன்டெனாக்களை அடுக்கிய அமைப்பு. 32 அல்லது 64 தனித்தனி அனுப்பிகள் இதை இயக்குகின்றன. குளத்தில் இரு கற்களை எறிந்தால், அலைகள் சில இடங்களில் சேர்ந்து உயரும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதுபோலவே, ஒவ்வொரு ஆன்டெனாவும் நூலிழை நேர வித்தியாசத்தில் அலையை அனுப்புவதால், குறிப்பிட்ட கைபேசி உள்ள இடத்தில் மட்டும் அலைகள் கூடி வலுக்கின்றன. சொட்டுநீர் முறையில் செடியின் வேரிலேயே நீர் விழுவதற்கு இது ஒப்பாகும். கைபேசி அவ்வப்போது அனுப்பும் சிறு குறியீட்டு அலை ஒவ்வொரு ஆன்டெனாவையும் எவ்வாறு வந்தடைகிறது என்பதைக் கணக்கிட்டே டவர் இதைச் செய்கிறது. பலருக்கு ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் தனித்தனியே தகவல் அனுப்பவும் முடிகிறது.

தமிழரின் பங்கு

பல ஆன்டெனாக்களைக் கொண்டு தகவலின் அளவைப் பெருக்கும் 'மைமோ' முறைக்கு வித்திட்டவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சோனார் கருவி உருவாக்கிய இவர், பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1992இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 2014இல் மார்கோனி பரிசு பெற்றார். ஆன்டெனாக்களின் எண்ணிக்கையை மிகப் பெரிதாக்கலாம் என்ற கருத்தை 2010இல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா வெளியிட்டார். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது.

எல்லைகள்

5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைகள், 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் போல நெடுந்தூரம் செல்வதில்லை. அடர்ந்த முந்திரித் தோப்பின் இலைகள் அவற்றை வலுவிழக்கச் செய்யும். பச்சைமலையின் மறைவில் உள்ள நிலங்களுக்கு ஆன்டெனாவின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது. டவர் அமையும் இடமே முக்கியம். மேலும், 5ஜிக்கென வைத்த ஆன்டெனாவால் 2ஜி ஸ்டார்ட்டருக்குப் பயன் இல்லை.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. ஸ்டார்ட்டர் 2ஜியா, 4ஜியா என்று கேட்டறிய வேண்டும். 2016இல் சேவை தொடங்கிய ஜியோவில் 2ஜி கிடையாது. அந்த சிம் 2ஜி ஸ்டார்ட்டரில் வேலை செய்யாது.

2. ஸ்டார்ட்டர் எந்த வகையோ, அதே வகைச் சிக்னலைக் கிணற்றடியிலேயே வெவ்வேறு நிறுவன சிம்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் பார்ப்பது நல்லது.

3. ஸ்டார்ட்டரின் ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள்ளோ தகரக் கொட்டகைக்குள்ளோ வைக்காமல், வெளியே உயரமாகப் பொருத்த வேண்டும்.

4. சிக்னல் அறுந்தாலும் மோட்டார் கருகாமல் இருக்க, நீர் வற்றினாலோ ஒரு பேஸ் போனாலோ தானே நிற்கும் பாதுகாப்பு அவசியம்.

இவற்றைச் சரிபார்த்த பிறகு வாங்கினால், போட்ட பணம் வீணாகாது.