பொய்ப்பெயர் தாங்கிய கருவிகள்

கணிப்பொறியோடு ஒரு கருவியை இணைத்தவுடன் அப்பொறி முதற்கண் வினவுவது, ‘நீ யார்?’ என்பதேயாம். யூ.எஸ்.பி. வழியாக வருங் கருவி அதற்கு ஈரெண்களால் விடையிறுக்கும். ஒன்று ஆக்கியோரைக் குறிப்பது. மற்றொன்று பொருளைக் குறிப்பது. ஒவ்வொன்றும் 16 பிட் அளவினது. இவற்றைக் கொண்டே லினக்ஸ் கெர்னல், தன்பாலுள்ள டிரைவர்களுள் உரியதனைத் தெரிந்து கருவியை அதனிடம் ஒப்புவிக்கின்றது. பி.சி.ஐ. முறையிலும் இவ்வண்ணமே. (இன்டெல் கம்பெனியார் ஆங்குத் தமக்குரிய எண்ணாகத் தம் பழைய சில்லின் பெயராகிய 8086 என்பதனையே கொண்டிருத்தல் ஒரு வேடிக்கை.)

இவ்வெண்கள் கருவியின் ஃபர்ம்வேரில் எழுதப்பட்டவை. எழுதியவர் பிழைபட எழுதினும், பிறருடைய எண்ணைக் கவர்ந்து எழுதினும், விற்றுப்போன கருவிகள் பல்லாயிரவர் கையில் இருத்தலின், திருத்தம் பெரும்பாலும் கெர்னலிலேயே செய்யப்படல் வேண்டும். அதன்பொருட்டுக் கெர்னலில் ‘குவர்க்’ என்னும் கோணற் பட்டியல்கள் உள. சான்றாக, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியாரது ஒருவகைச் சில்லு, தன் இனத்தைக் கூறும் எண்ணை நிரப்பாமலே வந்து நிற்கும். கெர்னல் அதனைத் தானே நிரப்பிக்கொள்ளும். இஃது எளிய நோய்.

2014-ஆம் ஆண்டு நிகழ்ந்ததோ வேறு. ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் உள்ள எஃப்.டி.டி.ஐ. கம்பெனியாரின் சில்லுகளைப் போலி செய்தோர், அவற்றின் பொருளெண்ணாகிய 6001 என்பதனையும் அப்படியே பொறித்து விற்றனர். கம்பெனியார் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிச் சில்லைக் கண்டவிடத்து அதன் பொருளெண்ணைப் பூச்சியமாக மாற்றி எழுதியது. அதன்பின் அச்சில்லை எப்பொறியும் அறிந்திலது. கம்பெனியாரின் மனக்குறை நியாயமானதே. ஆயினும் தண்டனை போலி செய்தோனை விடுத்து, ஏதுமறியாது வாங்கியவன் தலையிலன்றோ விழுந்தது! கண்டனம் எழவே அந்த டிரைவர் மீட்டுக்கொள்ளப்பட்டது. லினக்ஸார் அவ்வாண்டிலேயே பூச்சியத்தையும் தம் பட்டியலிற் சேர்த்து அச்சில்லுகளுக்கு மீண்டும் வாழ்வளித்தனர்.

எண் பொய்யாயினும் நடை ஒத்திருந்தால் தொல்லையில்லை. நடையும் வேறாயின் யாது செய்வது? கேம்பிரிட்ஜ் சிலிக்கான் ரேடியோ கம்பெனியாரின் எண்ணைச் சூடிய போலி புளூடூத் கருவிகள் இத்தகையன. மெய்யான சில்லு ஏற்கும் கட்டளைகள் சிலவற்றை இவை ஏற்கமாட்டா. தொடக்கத்திலேயே இடறி நின்றுவிடும். ஈசாக்கு குரலில் ஐயுற்றும், ரோமமுள்ள கைகளைத் தடவி யாக்கோபை ஏசா எனத் துணிந்தான். லினக்ஸ் டிரைவரோ குரலையுங் கையையும் ஒப்புநோக்குகின்றது: கருவி கூறும் புளூடூத் பதிப்பெண்ணும், உள்ளிருக்கும் உட்பதிப்பெண்ணும் ஒன்றற்கொன்று பொருந்துமா என்று பார்க்கும். பதிப்புப் புதிதாயிருக்க உட்பதிப்பு மிகப் பழையதாயின், போலியெனத் தெளியும். தெளிந்தபின் விரட்டிவிடாது, இடறச்செய்யும் கட்டளைகளைத் தவிர்த்து அதனோடு பழகும்.

பட்டியலில் இடம்பெறாத எண்ணுடைய கருவியை வைத்திருப்போர், டிரைவருக்குரிய ‘நியூ ஐடி’ என்னுங் கோப்பில் அவ்வீரெண்களையும் எழுதலாம். டிரைவர் உடனே அதனை ஏற்கும். ஆனால் பொறியை நிறுத்தி மீள இயக்கினால் அது மறந்துபோம். மறுபடியும் எழுதல் வேண்டும்.