பொம்மைக் கடைக்கு எத்தனை லட்சத்துக்குக் காப்பீடு?

காவிரி டெல்டாவில் காப்பீடு வயலோடு பழகிய அளவுக்குக் கடைத்தெருவோடு பழகவில்லை. ஐப்பசி பிறந்ததும் சிட்டா, அடங்கலை எடுத்துக்கொண்டு சம்பா பயிருக்குப் பிரீமியம் கட்ட வரிசையில் நிற்கும் விவசாயிக்குத் தன் பங்கு ஒன்றரை சதவீதம் என்பதும், கடைசித் தேதி எது என்பதும் தெரியும். அந்த வயலில் பெய்யும் மழைதான் தஞ்சாவூர், கும்பகோணம் கடைத்தெருக்களிலும் பெய்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் தென்னந்தோப்பை மட்டும் சாய்க்கவில்லை, கடைகளின் கூரைகளையும் பிய்த்தெறிந்தது. ஆனால் பொம்மைக் கடைக்காரர் பலருக்குத் தம் பாலிசி எத்தனை லட்சத்துக்கு என்பதே தெரியாது. கிளைம் குறைந்து போவது பெரும்பாலும் நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும் நாளில் அல்ல. பாலிசியில் அந்தத் தொகையை எழுதிய நாளிலேயே என்பதுதான் என் வாதம்.

புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையே எடுத்துக்கொள்வோம். காகிதக் கூழ், களிமண், பிளாஸ்டர் எல்லாமே தண்ணீருக்கு அஞ்சும் பொருள்கள். தலை, உடல், பாவாடை என்று தனித்தனியாகச் செய்து கம்பி முனையில் நிறுத்தும் நடனப் பொம்மையில் ஒரு பாகம் ஊறிச் சமநிலை கெட்டாலே போதும், முழுப் பொம்மையும் வீண். கொலுவுக்காக ஆவணியிலிருந்தே சரக்கு வந்து குவிகிறது. நவராத்திரி முடிந்து மீந்தது கடையில் இருக்கும்போதே வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடுகிறது. ஆக, இருப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களும் ஆபத்து உச்சத்தில் இருக்கும் மாதங்களும் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன. பாலிசித் தொகையோ சித்திரையில் கடை காலியாகக் கிடந்தபோது எழுதியது.

இதன் விளைவைக் கணக்காகப் பார்க்கலாம். வெள்ளம் வந்த அன்று கடையில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு, பாலிசி 5 லட்சத்துக்கு, நனைந்தது 2 லட்சம். பாலிசித் தொகைக்குள்தானே நஷ்டம், முழுதும் வரும் என்று கடைக்காரர் நினைப்பார். பாதி மதிப்புக்கே காப்பீடு செய்திருப்பதால் நஷ்டத்திலும் பாதியே, அதாவது 1 லட்சமே கணக்காகும். அதிலும் கடைக்காரரே ஏற்க வேண்டிய விலக்குத் தொகை கழியும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் தரும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கானது. அதில் 15 சதவீதம் வரையிலான குறைமதிப்பைப் பொறுத்துக்கொள்கிறார்கள். பாதிக்குப் பாதியை அல்ல. ஆவணியிலேயே இருப்பைக் கணக்கிட்டு, தொகையைக் கூட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். கைவினைஞர்கள் விற்றபின் பணம் வாங்கிக்கொள்வதாக ஒப்படைத்த பொம்மைகளுக்கும் இதே கவனம் தேவை. பிறர் சரக்கும் கடையில் இருக்கிறது என்று பாலிசியில் எழுதாவிட்டால், வெள்ளத்துக்குப் பின் கையில் எதுவும் இல்லாமல் நிற்பது அந்தக் கைவினைஞர்தான். இந்த அநியாயத்தை ஒரு வரி தடுத்துவிடும்.

தீ, புயல், வெள்ளம், கலவரம் ஆகியவை இந்தப் பாலிசிக்குள் வரும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாலிசி வேண்டும். கூட்டத்தில் ஒருவர் பொம்மையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவது எதிலும் சேராது. தீபாவளிக்குப் பொம்மையோடு பட்டாசும் வைத்து விற்பது மிகப் பெரிய ஆபத்து. உரிமம் இல்லாத பட்டாசு சட்டமீறல். நிறுவனத்துக்குச் சொல்லாமல் வைத்தால் தீ விபத்துக் கிளைமையே மறுக்க அது காரணமாகிவிடும். பாலிசி எடுத்த பிறகும் கடைக்குள் செய்ய வேண்டிய வேலை உண்டு. கனம் என்பதால் மண் பொம்மைகளைக் கீழ்த்தட்டிலும், லேசானது என்பதால் பிளாஸ்டிக் சாமான்களை மேலேயும் வைப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் இதை மாற்றினால் முதலில் நனைவது துடைத்தால் காய்ந்துவிடும் பந்தும் காருமாக இருக்கும்.

“கடன் கொடுத்த பேங்கே இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறது” என்பார்கள். வங்கி முதலில் பார்ப்பது தன் கடனுக்கான பாதுகாப்பை. உங்கள் முழு இருப்பும் அதில் அடங்கும் என்று உறுதி இல்லை. பிரதியைக் கேட்டு வாங்குங்கள், முகவரி சரிதானா, கிடங்கும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். “கட்டினாலும் கம்பெனிக்காரன் தரமாட்டான்” என்ற இன்னொரு எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. இழுத்தடிப்பும் காரணமற்ற மறுப்பும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் மறுக்க வசதி செய்து கொடுப்பது பல நேரம் நம் கணக்கின்மை. கொள்முதல் ரசீதும் இருப்புப் பதிவேடும் தண்ணீரில் போய்விட்டால் எத்தனை பொம்மை இருந்தது என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பது? வாரம் ஒருமுறை கைபேசியில் அலமாரிகளைப் படமெடுத்து வேறிடத்தில் சேமித்து வைப்பதற்குச் செலவில்லை. நனைந்ததைச் சர்வேயர் பார்க்கும் முன் குப்பையில் கொட்டிவிடவும் கூடாது.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனிநபர் பெயரில் நடக்கும் கடைக்கும் குறுந்தொழிலுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. வியாபாரத்துக்காக எடுத்த பாலிசி என்பதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று நிறுவனம் வாதாடினால், 2023 ஏப்ரலில் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் காட்டுங்கள். நஷ்டத்தை ஈடுகட்டுவதற்காக எடுக்கும் காப்பீடு லாபம் தேடும் வேலை அல்ல என்று அது சொல்லியிருக்கிறது.