கண்ணாடியினுள் பளிங்கு: சேர்பொருளின் பங்கு

பளிங்காகிய கண்ணாடிமட்பொருளின் பிறப்பைத் தற்செயலின் விளைவென்று கூறுவது வழக்கம். 1953இல் அமெரிக்காவின் கோர்ணிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்ரூக்கி 600 பாகை செல்சியசில் சூடாக்க எண்ணிய இலிதியம் சிலிக்கேற்றுக் கண்ணாடி, உலைக் கோளாறினால் ஏறத்தாழ 900 பாகைவரை சூடேறியது. அது உருகி வழியவில்லை, வெண்ணிறத் திண்மமாயிற்று. கைதவறி விழுந்தபோதும் உடையவில்லை. ஆயின், மிகைவெப்பமே இம்மாற்றத்தின் காரணமென நாம் அமைதியடையலாமா?

18ஆம் நூற்றாண்டில் பிரான்சிய அறிஞர் றெயோமூரும் கண்ணாடிப் போத்தல்களை நெடுநேரம் சூடாக்கிப் பளிங்காக்கினார். அங்கு பளிங்குகள் மேற்பரப்பில் தோன்றி உள்நோக்கிப் பருத்தன; பொருள் வலுவிழந்தது. ஸ்ரூக்கியின் கண்ணாடியிலோ, ஒளிப்பதிவுக்கெனச் சேர்க்கப்பட்ட சிறிதளவு வெள்ளி இருந்தது. அதன் நுண்டுணிக்கைகள் உள்ளெங்கும் பளிங்குகளுக்குக் கருக்களாயின. கருக்கள் எண்ணிறந்தனவாகும்போது பளிங்குகள் ஒன்றையொன்று தடுத்து நுண்ணியனவாகவே நிற்கின்றன. அவற்றின் நெருங்கிய பின்னல் வெடிப்புப் பரவுவதைத் தடுக்கின்றது.

பின்னர் தைத்தானியம் ஈரொட்சைட்டு, சேர்கோனியம் ஈரொட்சைட்டு ஆகியவையும் இப்பணிக்கு வந்தன. நூற்றுக்குச் சில பங்கு போதும். முதலில் தாழ்ந்த வெப்பநிலையில் கருவாக்கம். அடுத்து உயர்ந்த வெப்பநிலையில் வளர்ச்சி.

இங்கு சிறிய அளவு பெரிய பண்புமாற்றத்துக்கு வழிவகுக்கின்றது. எனினும் சேர்பொருள் தனித்து எதனையும் படைப்பதில்லை. பளிங்காகும் இயல்பு கண்ணாடியிலேயே உறைகின்றது. உலைக் கோளாறு அவ்வியல்பை வெளிப்படுத்தியதேயன்றி உருவாக்கவில்லை என்பதே எமது துணிபு.